சுக்குக் காப்பிக்கு ஒரு மின் அண்டா: நான்கு தைப்பூசம் கண்ட அனுபவம்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு, பல்லடம் – உடுமலை சாலையோரத்தில் நாங்கள் இரவெல்லாம் சுக்குக் காப்பி கொடுப்பது வழக்கம். விறகடுப்பின் முன் உட்கார்ந்து புகை தின்று சலித்துப்போய்த்தான் இந்த மின் அண்டாவைச் செய்தேன். மாதிரி எடுத்தது, வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் பாத்திரத்திலிருந்து. இங்கே அந்த வேலைக்கு இடமில்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்ததே பக்கத்துச் சேலத்தில்தான். ஆனால் உள்ளே வேகிறது மால்ட்டா (பீருக்கான முளைகட்டிய தானியம்) சுக்கா என்று அண்டாவுக்கு என்ன தெரியும்?

முப்பது லிட்டர் எவர்சில்வர் அண்டா, மூன்று கிலோவாட் கெய்சர் காயில், அடியில் ஒரு குழாய். மொத்தமே இவ்வளவுதான். கோவைப் பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்? துளை போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தண்ணீர் ஒழுகாமல் பொருத்தத்தான் இரண்டு நாள் ஆயிற்று. அண்டாவின் பக்கம் வளைவு, காயிலின் வாஷரோ தட்டை. முதல் நாள் நட்டுக்கு அடியில் ஒரே ஒரு சொட்டு திரண்டு, மின்கம்பி முனையை நோக்கி மெல்ல நகர்வதைப் பார்த்தேன். ரப்பர் வாஷரைத் தூக்கியெறிந்துவிட்டு, உள்ளும் புறமும் தடித்த சிலிகான் வாஷர் வைத்து இறுக்கினேன். இன்றுவரை ஒழுகவில்லை.

இருபத்தைந்து லிட்டர் கொதிக்க முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகிறது. இரண்டேகால் யூனிட்டுக்குச் சற்று மேல் ஓடுகிறது. இது மின்னழுத்தம் சரியாக இருந்தால். 230 வோல்ட் இருநூறுக்கு இறங்கினால் காயிலின் சூடு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் ஒருமுறை ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தோம்.

நான் செய்த பெரிய தப்பு நாட்டுச்சர்க்கரையில். கவுந்தப்பாடிச் சர்க்கரை, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிற சரக்கு. விறகடுப்பில் செய்கிற பழக்கத்தில், கொதிக்கும்போதே கொட்டிவிட்டேன். அடியில் இறங்கிய பாகு காயிலில் ஒட்டிக் கருகி, இருபத்தைந்து லிட்டரும் தீய்ந்த வாடை அடித்தது. அத்தனையையும் தென்னை மரத்தடியில் ஊற்றினோம். பீர் காய்ச்சுகிறவர்கள் மால்ட் பாகைச் சேர்க்கும் முன் அடுப்பை அணைப்பது இதனால்தான் என்று அப்புறம்தான் உறைத்தது. இப்போது சுக்கும் மல்லியும் மிளகும் வேட்டித் துணியில் முடிச்சாகக் கட்டி உள்ளே தொங்கும், குழாயும் அடைக்காது. சுவிட்சை அணைத்த பிறகுதான் சர்க்கரை.

போர்வெல் தண்ணீரின் உப்பு தனிக்கதை. ஒரே பருவத்தில் காயிலில் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொருக்கு ஏறி, கொதிக்கிற நேரமும் கூடியது. பத்து லிட்டர் வெந்நீரில் இருநூறு கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஓர் இரவு விட்டால் கழன்றுவிடுகிறது. உப்புக் குறைந்த சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற மச்சான் இதை நம்பவே மாட்டேன் என்கிறார். நம்பாவிட்டால் போகிறது, இரண்டாம் வருடம் வெறும் அண்டாவில் சுவிட்சைப் போட்டுக் காயிலை வெடிக்கவிட்டவரும் அவர்தான்.

அதைவிட மோசம், பந்தலில் எர்த் இல்லாத நீட்டிப்புக் கம்பியில் போட்டது. பாத்திரம் கழுவ வந்த சின்னம்மா கையை வெடுக்கென்று இழுத்து, "என்னப்பா, தொட்டால் விறுவிறு என்கிறது?" என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மறுநாளே பதினாறு ஆம்பியர் பிளக், தடித்த கம்பி, முப்பது மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஈஎல்சிபி எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் அடைத்தேன். பந்தலுக்குப் பக்கத்தில் எர்த் கம்பியும் அடித்தாயிற்று. முதலிலேயே செய்திருக்க வேண்டிய செலவு, கஞ்சத்தனம்தான் காரணம்.

காதுகுத்து, சீர் என்று இப்போது கேட்டு வருகிறவர்கள் உண்டு. பெட்டியோடுதான் கொடுக்கிறேன். போன ஆவணியில் ஒருவர் பெட்டி கனக்கிறது என்று அண்டாவை மட்டும் தூக்கப் பார்த்தார். காயிலைக் கழற்றிக்கொண்டு, "இப்போது கொண்டு போங்கள்" என்றேன். துளை விழுந்த அண்டாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்.