எஸ்எம்எஃப் போர்டல் பிளாக்குகளை மற்ற பக்கங்களில் வைப்பது: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

போர்டல் முகப்பில் ஓடும் ‘அண்மைத் தலைப்புகள்’ பிளாக்கை (சிறு பெட்டியை) தளத்தின் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோக, எஸ்எம்எஃப்பில் (சிம்பிள் மெஷின்ஸ் ஃபோரம் என்ற விவாதமன்ற மென்பொருளில்) தனி மாட் (கூடுதல் செருகுநிரல்) தேவையில்லை. ஃபோரத்தை நிறுவிய கோப்புறையிலேயே, அதன் தகவல்களை வெளிப்பக்கங்களுக்குத் தரும் எஸ்எஸ்ஐ.பிஎச்பி (SSI.php) கோப்பு கிடக்கிறது. 2.0 பதிப்பிலும் சரி, 2022-இல் வந்த 2.1 பதிப்பிலும் சரி, வேலை இதே வழியில்தான்.

அதைச் சேர்க்கும் வரி பக்கத்தின் உச்சியில் இருக்க வேண்டும். இணைய முகவரி அல்ல, சர்வர் பாதை கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு ஸ்பேஸ் வெளியே போனாலும் ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்று பிஎச்பி பிழை காட்டிக் கத்தும். கோடில் தவறே தெரியவில்லையா? கோப்பு யூடிஎஃப்-8 பிஓஎம்முடன் (கோப்பின் தொடக்கத்தில் ஒட்டும் குறியீட்டுடன்) சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று பைட்தான் பெரும்பாலும் குற்றவாளி.

அண்மைத் தலைப்புகள் ஃபங்ஷனை அப்படியே கூப்பிட்டால் எட்டுத் தலைப்புகளை அதன் சொந்த டேபிளில் கொட்டும், மொபைலில் பிதுங்கும். ‘அரே’ (array, வெறும் தரவுப் பட்டியல்) முறையில் வாங்கி, நம் டிசைனில் அச்சிடுவதே நல்லது. ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளில் ‘அரே’ நான்காவது. எண்ணிக்கை, விலக்கும் போர்டுகள் (ஃபோரத்தின் பிரிவுகள்), சேர்க்கும் போர்டுகள் மூன்றும் முன்னால் வர வேண்டும். தேவையில்லாத இடத்தில் ‘நல்’ (null, வெற்று மதிப்பு) போடுங்கள்.

லாகின் செய்தவரையும் வெளிப்பக்கம் ‘விருந்தினர்’ என்கிறதா? அட்மினில் குக்கீகளை லோக்கலாகச் சேமிக்கும் தேர்வு டிக் ஆகியிருக்கும். அப்போது குக்கீ ஃபோரம் கோப்புறைக்குள்ளேயே அடைபட்டுவிடும். டிக்கை எடுத்துவிட்டு, ஒருமுறை லாகவுட் செய்து திரும்ப நுழைய வேண்டும். சப்டொமைன் என்றால் அதற்கான தேர்வையும் போட வேண்டும், ஆனால் லோக்கலை அணைத்த பிறகு.

தலைப்புப் பட்டியல், பார்ப்பவரின் அனுமதிப்படி மாறும். அதனால் அட்மினாக நுழைந்து சோதிப்பதில் பயனில்லை. தனிச் சாளரத்தில் விருந்தினராகப் பாருங்கள். வேகத்துக்காக ஹெச்டிஎம்எல்லைக் கேச் செய்பவர்கள் (ஒருமுறை உருவானதைச் சேமித்து எல்லோருக்கும் காட்டுபவர்கள்) இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்: அட்மின் திறந்த நேரத்தில் கேச் உருவானால், மறைவான போர்டின் தலைப்புகள் ஊருக்கே தெரியும். கேச் வேண்டுமென்றால் சேர்க்கும் போர்டுகளில் பொதுப் போர்டு எண்களை மட்டும் கொடுங்கள். ஒரு போர்டின் பதிவுகளைச் செய்தியாகக் காட்டும் போர்டு செய்தி ஃபங்ஷனில் இந்தத் தொல்லை இல்லை. விருந்தினருக்குத் திறக்காத போர்டை அது காட்ட மறுத்துவிடும்.

ஃபோரத்தின் உள்பக்கங்களில் வைக்க, தீமின் இண்டெக்ஸ் டெம்ப்ளேட்டில் பாடி மேல்பகுதியில் கூப்பிடலாம். எந்தப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை போடாவிட்டால் அட்மின் பக்கத்திலும் வந்து நிற்கும். பிளாக் கோடு தனிக் கோப்பில் இருக்கட்டும், டெம்ப்ளேட்டில் ஒரே வரி போதும். தீம் மாறும்போது அந்த வரியை மட்டும் திரும்ப ஒட்டினால் முடிந்தது.