பிரிட்ஜுக்கு தண்ணி லைன் போடுறவை இந்த வெள்ளை ரியூப்பையே வாங்குங்கோ

கதவிலேயே தண்ணி வாற, ஐஸ் போடுற பிரிட்ஜுகள் இப்ப கிளிநொச்சிப் பக்கமும் கன வீடுகளில வந்திட்டுது. எல்லாரும் பிரிட்ஜின்ர விலையையும் கலரையும் பாக்கினம், சுவரில இருந்து பிரிட்ஜுக்குப் போற ரியூப்பை ஒருத்தரும் பாக்கிறேல்ல, ராத்திரி முழுக்க நாங்கள் குடிக்கிற தண்ணி நிண்டு ஊறுறது அதுக்குள்ளதானே.

ஏ9 ரோட்டில ஒரு ஹார்ட்வெயார் கடையில முதல் எடுத்து நீட்டினது மேசன்மார் மட்டம் பாக்கிற அந்தக் கண்ணாடி ஹோஸ். "அண்ணை, இது குடிக்கிற தண்ணிக்கு" எண்டு சொல்லி வேண்டாமெண்டிட்டன். அது பிவிசி, வளையிறதுக்காக மென்மையாக்கிற கெமிக்கல் கலந்திருக்கும், மூக்குக்குக் கிட்டப் பிடிச்சாலே மணக்கும், அதோட வெளிச்சம் உள்ள போறதால பாசியும் பிடிக்கும்.

நாங்கள் வாங்கினது ஆர்ஓ (தண்ணியில இருக்கிற உப்பை வடிச்செடுக்கிற) பில்டருக்குப் போடுற கால் இஞ்சி வெள்ளை பொலியெத்திலீன் ரியூப். ரியூப்பில சின்ன எழுத்தில என்எஸ்எஃப் (அமெரிக்கத் தர நிறுவனம்) 61 இல்லாட்டி 51 எண்டு அடிச்சிருக்கோணும், 61 குடிதண்ணி லைனுக்குரிய தரம், 51 சாப்பாட்டில படுற பிளாஸ்டிக்குக்கு. எழுத்தில்லாத ரியூப் எவ்வளவு மலிவெண்டாலும் எனக்கு வேண்டாம். ஒரு துண்டை வெட்டி சுடுதண்ணிக் கிளாசுக்குள்ள போட்டு மூடி வச்சு மணந்து பாத்தம், ஒரு மணமும் இல்லை.

செப்புக் குழாய்தான் திறம் எண்டு சொல்லுறவை இருக்கினம். சாதாரண தண்ணிக்குச் சரி, ஆனா வவுனியாப் பக்கமெல்லாம் சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து கன சனம் ஆர்ஓ தண்ணிதான் குடிக்குது, அந்தத் தண்ணியில உப்புச்சத்துக் குறைவு, கொஞ்சம் புளிப்புத்தன்மை, அது செப்பை அரிக்கும். பில்டருக்குப் பிறகு போற லைனுக்கு பிளாஸ்டிக் ரியூப்தான் நல்லது. வெளியில கம்பி பின்னின ஹோஸும் விக்கினம், உறுதிதான், ஆனா உள்ளுக்கு இருக்கிறது என்ன பிளாஸ்டிக் எண்டு கேட்டு வாங்குங்கோ.

குறையும் சொல்லோணும். இந்த ரியூப் விறைப்பு, சட்டெண்டு மடக்கினா நெளிஞ்சு தண்ணி அடைபடும். பிளேட்டால நேரா வெட்டோணும், சரிவா வெட்டினா பூட்டுற இடத்தில கசியும். பிரிட்ஜை இழுத்துத் துடைக்க பின்னால ரெண்டு சுத்து விட்டு வையுங்கோ.

அடுத்தது பிரஷர். கன பிரிட்ஜுகளுக்கு குறைஞ்சது 20 பிஎஸ்ஐ வேணும், சிலதுக்கு இன்னும் கூட. 10 மீற்றர் உயரத்தில ராங்க் இருந்தாலே 14 தான் வரும், எங்கட வீட்டு ராங்குகள் அதில பாதி உயரமும் இல்லை, அதால சின்ன பம்ப் ஒண்டு போடத்தான் வேணும், ரியூப்பைக் குறை சொல்லி வேலையில்லை. பூட்டின உடன வாற முதல் தண்ணியைக் குடிக்காதேங்கோ, ரெண்டு வாளி தென்னம்பிள்ளைக்கு ஊத்திப்போட்டுக் குடியுங்கோ. எலி ஓடுற வீடெண்டா ரியூப்பை பிவிசி பைப்புக்குள்ளால கொண்டு போங்கோ, பொலியெத்திலீனை எலி கடிக்கும்.