மூணடுக்கு உரப்பானை: ஏழு மாசம் புழங்கின அனுபவம்

எங்க வீடு சென்னை மடிப்பாக்கம். சாயங்காலம் கடற்காத்து அடிச்சா பெருங்குடிக் குப்பைமேட்டு வாடை மொட்டைமாடி வரைக்கும் வரும். அதுல நம்ம வீட்டு வாழைப்பழத் தோலும் இருக்குமேன்னு ஒரு உறுத்தல். அதான் சமையல் குப்பையை வீட்டுலயே உரமாக்குற இந்தச் சுடுமண் பானையை ஆன்லைன்ல 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தப்பவே நடுப்பானையில விரல் நீளத்துக்கு விரிசல். போட்டோ அனுப்பி, மூணு தடவை போன் பண்ணி, 18-ஆம் நாள் மாத்திக் குடுத்தாங்க. ஒரு ஸ்டார் அதுக்கே போச்சு.

வேலை ஒண்ணும் பெரிசில்ல. மேல்பானையில காய்கறித் தோல், அது மேல ரெண்டு கைப்பிடி தேங்காய் நார்த்தூள். நிறைஞ்சதும் அதை நடுவுல இறக்கிட்டு, காலிப் பானையை மேல ஏத்தணும். நான் புத்தி கெட்டு மிச்ச சாம்பாரைக் கொட்டிட்டேன். மூணாம் நாள் மூடியைத் திறந்தா குப்புனு நாத்தம், வெள்ளைப் புழு நெளியுது. "நடு வீட்டுல வச்சு பூஜையும் பண்ணிடு"ன்னாங்க மாமியார். அந்தப் புழு குப்பையைத் தின்னுதான் வளருது, கெடுதல் இல்ல. அதை அவங்ககிட்ட யார் சொல்றது? ஈரம் கூடினதுதான் கோளாறு. காய்ஞ்ச இலையும் கிழிச்ச பேப்பரும் போட்டுக் கிளறிவிட்டேன், நாலு நாள்ல நாத்தம் போயே போச்சு. மாங்கொட்டை மட்டும் எத்தனை மாசமானாலும் அப்படியே கிடக்குது.

நான் நினைக்காத லாபம் ஒண்ணு: சமையல் குப்பை சேராததால பால் கவர், அட்டை எல்லாம் பிசுக்கில்லாம இருக்கு. பேட்டரி வண்டியில குப்பை எடுக்க வர்ற அக்கா, "என்னம்மா, சமையல் குப்பை போடுற பச்சை டப்பாவே வெளிய வரல, ஊருக்குப் போயிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. பானையைக் காட்டினேன். கவரை மட்டும் தனிச் சாக்குல போட்டுக்கிட்டாங்க. கலந்து வந்தா கையை விட்டுப் பிரிக்கணுமாம், பிரிச்சாலும் அழுக்குக் கவரைப் பழைய சாமான் கடையில எடுக்க மாட்டாங்களாம். மக்குறது, மக்காதது, அபாயமானதுன்னு வீட்டுலயே மூணாப் பிரிக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலேயே இருந்துச்சு. சானிட்டரி நாப்கின் சுத்தறதுக்கான உறையை அதைத் தயாரிக்கிறவங்களே குடுக்கணும்னும் அதுல இருந்துச்சு. நான் இன்னும் பழைய பேப்பர்லதான் சுத்தறேன்.

நாலு பேருக்கு இந்த அளவு சரியா இருக்கு. விருந்தாளி வந்த வாரம் பத்தாது. நார்த்தூளைப் பானை விக்கிறவங்ககிட்டயே வாங்காதீங்க, பக்கத்து நர்சரியில அஞ்சு கிலோ கட்டி பாதி விலைக்குக் கிடைக்குது.