பழைய மரத்தை ‘வேஸ்ட்’ என்று ஏற்றிக்கொண்டு போகிறார்கள், உஷார்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பழைய ஓட்டு வீட்டைச் சரிசெய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, முடிந்த வேலையை நாமே செய்துகொள்ளலாம் என்று இறங்கியிருக்கும் எங்களைப் போன்ற சின்னக் குடும்பங்களுக்கு. கூரை வேலை என்று வருகிறவர், நம்மிடம் வாங்கும் கூலியைவிட நம் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போகும் பொருளில் அதிகம் சம்பாதிக்க முடியும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. அந்தக் காண்ட்ராக்டரின் பெயரை இங்கே போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. எப்படிச் செய்தார் என்பதை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

வீடு காவேரிப்பட்டணத்தில், என் தாத்தா பாட்டி இருந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே சீமை ஓடு. அவர்கள் காலத்துக்குப் பிறகு பூட்டியே கிடந்தது. கணவருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. அங்கே வாடகை கொடுத்து மாளவில்லை என்பதால் இங்கே வந்துவிட முடிவு செய்தோம். சுவரில் அடுக்கடுக்காக ஏறியிருந்த டிஸ்டம்பரைச் சுரண்டியது, சிவப்புத் தரையைத் தேய்த்து எடுத்தது, ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடித்தது எல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான். ஐந்து வயது மகன் தன் பங்குக்கு ஈரப் பெயின்டில் கை வைத்துக்கொண்டிருந்தான். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் “இடிச்சுட்டு மாடி வீடா கட்டிக்கலாமே” என்று ஆலோசனை சொன்னார்கள். அதற்கு ஆகும் பணத்தை யாரும் சொல்லவில்லை.

கூரையில் மட்டும் நாங்கள் கை வைக்கவில்லை. அதற்கு அனுபவம் உள்ள ஆள் வேண்டும். வாசலில் குவித்திருந்த மண்ணையும் ஓட்டுச் சில்லையும் பார்த்துவிட்டு அந்தக் காண்ட்ராக்டர் தானே வண்டியை நிறுத்தி இறங்கினார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், வாசல் குப்பையைப் பார்த்து வருகிறவர் அவர். நன்றாகப் பேசுவார். “பழைய வீட்ட இடிக்காம வெச்சிருக்கீங்களே மேடம், அதுவே பெரிய விஷயம்” என்றுதான் ஆரம்பித்தார்.

ஏணி போட்டு ஏறினார். தாழ்வாரத்தில் ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டையான கைமரம் ஒன்று சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். பொலபொலவென்று தூள் கொட்டியது. அதை உள்ளங்கையில் பிடித்து எங்களிடம் காட்டி, “மொத்தமும் இப்படித்தாங்க இருக்கு. கரையான். மழைக்கு முன்னாடி மாத்தலைன்னா தலையில விழும்” என்றார். குழந்தை இருக்கிற வீட்டில் இந்த ஒரு வார்த்தை போதும்.

அவர் காட்டியது பொய்யான தூள் இல்லை, அங்கேதான் சாமர்த்தியம். சுவருக்குள் புதைந்த முனை ஈரத்தை வாங்கிக்கொண்டே இருப்பதால், எந்தப் பழைய வீட்டிலும் முதலில் கெடுவது அந்த இடம்தான். அதற்காக முழு மரமும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. தேக்கின் உள்மரத்தில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் கரையானுக்கு ஆகாதவை. ஓரத்து வெளிர் பாகத்தை அரித்துவிட்டு நடுவை விட்டுவிடும். அதனால் குத்திப் பார்ப்பதானால் மரத்தின் நடுவில், காற்று படும் இடத்தில், நாலைந்து இடங்களில் குத்த வேண்டும். ஆணி நுழையாமல் நின்றால் மரம் நல்ல மரம். சுத்தியால் தட்டினால் கணீரென்று கேட்கும், அரித்த இடம் மொத்தையாகக் கேட்கும். முனை மட்டும் போயிருந்தால் அந்த அளவுக்கு வெட்டிவிட்டு ஒட்டுப் போடலாம், இல்லை என்றால் அடியில் இரும்புச் சேனல் கொடுத்துத் தாங்கலாம். இதையெல்லாம் பிறகு எங்களுக்குச் சொன்னவர் ஓர் ஆசாரி. காண்ட்ராக்டர் மற்ற எந்த மரத்தையும் குத்தவே இல்லை.

அவர் கொடுத்த கணக்கில் மூன்று விஷயங்கள் இருந்தன. புதுத் தேக்கு கைமரம், நாலுக்கு மூணு இஞ்ச் அளவில். கரையான் மருந்து இலவசம். பழைய மரத்தையும் ஓட்டையும் அவரே அப்புறப்படுத்துவார், வண்டி வாடகை வேண்டாம். மூன்றாவதைக் கேட்டு மனுஷன் எவ்வளவு நல்லவர் என்று என் மாமியார்கூடச் சொன்னார்.

பிரித்த அன்றைக்கே மாலைக்குள் மரம் எல்லாம் பிக்கப்பில் ஏறிவிட்டது. கைமரங்கள் மட்டும் இல்லை, முற்றத்தைத் தாங்கிய உத்தரங்கள் இரண்டும் போயின. ஓட்டிலும் உடையாதவற்றைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டார்கள், உடைந்தவை மட்டும் எங்கள் வாசலில் கிடந்தன. அந்த ஓடுகளின் முதுகில் மங்களூர் முத்திரை இருக்கும். பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ அமைப்பு 1865-ல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையைப் பார்த்துப் பிறகு பல கம்பெனிகள் வந்தன. அந்தக் காலத்து ஓட்டுக்குத் தோட்ட வீடு, ரிசார்ட் கட்டுகிறவர்களிடம் நல்ல கிராக்கி. பெங்களூரு இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். பழைய தேக்குத் தூணுக்கும் கதவு நிலைக்கும் அங்கே வாங்குவதற்கு ஆள் வரிசையில் நிற்கிறது.

மர மதிப்பு எவ்வளவு என்று எளிதாகக் கணக்குப் போடலாம். நீளத்தை அடியில், அகலத்தையும் கனத்தையும் இஞ்சில் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. எங்கள் உத்தரம் ஒன்று 12 அடி நீளம், எட்டுக்கு ஆறு இஞ்ச். 576-ஐ 144-ஆல் வகுத்தால் 4 கன அடி. நாங்கள் பிறகு கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் மரக்கடைகளில் விசாரித்தபோது, சொல்லிக்கொள்ளும்படியான தேக்கு கன அடி மூவாயிரம் ரூபாய்க்குக் கீழே எங்கும் இல்லை. பழைய மரம் காய்ந்து இறுகி, இனி வளைய ஒன்றும் இல்லை என்கிற நிலையில் இருப்பது. ஒரு உத்தரத்திலேயே பன்னிரண்டாயிரம் போனால், ஒரு தாழ்வாரத்துக் கைமரங்களையும் சேர்த்து நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, போனது போகட்டும், வந்ததாவது ஒழுங்காக வந்ததா? புது மரம் இறங்கும்போதே நான்கு பக்கமும் கருப்பாக எண்ணெய் பூசி வந்தது. “கரையான் மருந்து குடோன்லயே அடிச்சுட்டேன்” என்றார். வண்டி மெக்கானிக் கடை வாசம் வந்தது. பழைய என்ஜின் ஆயில் என்று இப்போது நினைக்கிறோம். மருந்தை விட அது செய்த முக்கியமான வேலை, மரத்தின் நிறத்தையும் ரேகையையும் மறைத்தது. முதல் மழைக்குப் பிறகு கைமரங்கள் முறுக்கிக்கொண்டன. ஓடு ஒன்றோடொன்று கவ்வி உட்காருவது, கீழே மரம் கால் இஞ்ச் திரும்பினால் கவ்வல் விட்டுப்போகும். கூரையை மாற்றுவதற்கு முன்னால் இரண்டு இடத்தில் ஒழுகிய வீடு, மாற்றிய பிறகு சமையலறை வரைக்கும் ஒழுகியது.

கதவு இழைக்க வந்த ஆசாரி ஐயாதான் ஏறிப் பார்த்தார். உளியால் ஓர் ஓரத்தைச் சீவி மூக்கருகில் வைத்தவர், “ஏம்மா, இத தேக்குன்னா குடுத்தாங்க? சில்வர் ஓக்கும்மா. அதுவும் காயவே இல்ல” என்றார். ஏற்காடு காபித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்திருக்கும் மரம். தேக்கைப் புதிதாகச் சீவினால் தோல் வாசம் போல ஒன்று வரும், தடவினால் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், நிறம் பொன்னும் தவிட்டுமாக இருக்கும். மருந்து அடித்த மரம் என்று யாராவது கொண்டுவந்தால், இறக்கும் முன்பே ஒரு முனையை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான கரையான் மருந்தைக் கண் முன்னால், வீட்டிலேயே அடிக்கலாம். குடோனில் அடித்துவர வேண்டிய அவசியம் இல்லை.

அளவும் அப்படித்தான். நாலுக்கு மூணு என்று பில் போட்ட மரத்தை டேப் வைத்துப் பார்த்தால் மூன்றரைக்கு இரண்டரை. கேட்டால் ‘இழைச்ச சைஸ்’ என்பார்கள். அரை இஞ்ச்தானே என்று தோன்றும். குறுக்களவில் 12 சதுர இஞ்சுக்குப் பதில் 8.75. பணம் கொடுத்த மரத்தில் கால் பங்குக்கும் மேல் வரவே இல்லை.

போனில் பிடித்தபோது அவர் சொன்ன பதிலையும் எழுதி வைக்கிறேன், உங்களுக்கும் இதுவே வரும்: “பழசை எடுத்துட்டுப் போங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?” காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். இதற்கிடையில் பழைய மரம் விற்கிற ஒரு விளம்பரத்தில், எங்கள் உத்தரத்தைத் தொட்டில் கொக்கியோடு பார்த்தோம். விளம்பரத்தில் ‘நூறாண்டுத் தேக்கு, கரையான் இல்லாதது’ என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சுவர் பெயின்ட் அடிப்பதற்கு முன் அதே உத்தரம் தெரியும்படி நாங்கள் எடுத்திருந்த போட்டோவோடு சேர்த்துவிட்டோம். அந்த ஒரு போட்டோ இல்லாவிட்டால் எங்களிடம் பேச ஒன்றும் இல்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை நடந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் கூப்பிட்டுப் பதிந்துகொள்ளலாம், தமிழிலும் பேசலாம். எங்களிடம் கேட்டது பில், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு. எங்கள் பில்லில் ‘தேக்கு’ என்று அவரே கைப்பட எழுதியிருப்பதுதான் இப்போதைக்கு எங்கள் பலம். பழைய மரம் யாருக்குச் சொந்தம் என்று மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்குங்கள்: பிரிக்கும் மரம், ஓடு, நிலை, கதவு எல்லாம் வீட்டுக்காரருடையது, எண்ணி ஒப்படைத்த பிறகே வண்டி ஏற வேண்டும் என்று.

அவர் இப்போது பாலக்கோடு பக்கம் வேலை எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். வாசலில் ஓட்டுச் சில் குவித்திருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கிய மரத்தை எடுத்துவிட்டு ஆசாரி ஐயாவே வேங்கை போட்டுத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த முறை கிடைக்கும் பழைய மரம், ஆணி உட்பட, எங்கள் கொல்லையில்தான் இறங்கப்போகிறது.