பானட் ஸ்கூப்: வாய் முன்னால் இருப்பதா, பின்னால் இருப்பதா?

பானட் ஸ்கூப்பை எங்கள் தெருவில் பாதிப் பேர் டிபன் பாக்ஸ் என்கிறார்கள். என் கான்டெஸ்ஸா காரின் எஞ்சினை மூடும் பானட் மேல், வைப்பரை ஒட்டி, முன்கண்ணாடியைப் பார்த்து வாய் திறந்து, எஞ்சினுக்கு வெளிக்காற்றை வாங்கித் தரும் தகரக் கூடு. போட்டு இரண்டு ஐப்பசி ஆயிற்று. மன்னார்குடியில் இருக்கும் அத்தானும் அதே வருஷம் தன் அம்பாசடருக்கு ஒன்று போட்டார். அவருடையதற்கு வாய் சாலையைப் பார்த்து. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறேன். கைக்காசைச் செலவழித்தவன் எழுதுவது என்பதால் இது என் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அழகுக்கு ஒட்டவைக்கும் பொம்மை ஸ்கூப்பைப் பற்றிப் பேசவில்லை. பானட்டில் ஓட்டை போட்டு, வெளிக்காற்று நேராக எஞ்சினின் காற்றை வடிகட்டும் ஏர் கிளீனருக்குப் போகும்படி செய்வதைத்தான் சொல்கிறேன். தோற்றத்தில் முன்வாய்தான் கம்பீரம், அதில் சண்டையில்லை. செலவும் ஏறக்குறைய ஒன்றே.

"மாப்ள, எதிர்க்காத்து மோதி உள்ள தள்ளும்ல, அதான் பவரு" என்பது அத்தானின் வாதம். கணக்குப் போட்டால் அது நிற்கவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதித் தரும் கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 0.2 விழுக்காடுகூட வராது. 100-ல் போனாலும் அரை விழுக்காட்டைத் தொடாது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி மன்னார்குடிக்குள் நுழைவதற்குள் 60-ஐயே எத்தனை முறை தொடுவோம்?

உண்மையான லாபம் குளிர்ந்த காற்றில் இருக்கிறது. சித்திரை வெயிலில் பானட்டுக்குள் 65 டிகிரி, வெளியே 38 என்று வைத்துக்கொண்டால், வெளிக்காற்று 8 விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தி கூடியது. அந்த லாபம் வாய் எந்தப் பக்கம் இருந்தாலும் கிடைக்கும். அத்தான் வண்டிக்கு அது இன்னும் அதிகம் தேவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதிலுள்ள பழைய பிஎம்சி எஞ்சினில் காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயும் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே பக்கம். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் அடுப்பு மேல் உட்கார்ந்த மாதிரிதான். என்னுடையது அந்த எஞ்சின் இல்லை, 1.8 லிட்டர் இசுசு.

பின்வாய்க்குள் காற்று எப்படி வரும் என்று கேட்காதவர் இல்லை. ஓடும் காரில் முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று முட்டித் தேங்கி அழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளலாம். 1969-ன் அமெரிக்க செவர்லே கமரோ காரில் இதே வேலைக்கென்று பின்பக்கம் திறந்த பானட்டே கம்பெனி தேர்வாகக் கிடைத்தது. முன்வாய்க்கும் பரம்பரை உண்டு: 1965-ல் அங்கேயே பான்டியாக் ஜிடிஓ காருக்கு, மூடியிருந்த ஸ்கூப்பைத் திறந்து, கார்புரேட்டரைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்து அடைக்கும் கிட் விற்றார்கள். ஆனால் அவர்கள் ஊரில் ரோட்டில் நெல் காயப்போடுவதில்லை.

என்னைப் பின்வாய்ப் பக்கம் தள்ளியது அதுதான். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் நம் சாலைகளில் பாதி களமாகிவிடும். வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் போனால் போதும், முன்வாய் ஸ்கூப் முறம் மாதிரி வாரிக்கொள்ளும். பதர், சண்டு, வைக்கோல் துணுக்கு எல்லாம் உள்ளே. அத்தான் முதலில் பெரிய கண் வலை போட்டார், பதர் நுழைந்தது. சின்னக் கண் வலைக்கு மாறினார்; இரண்டு நாளில் அது அடைத்துக்கொண்டு எஞ்சின் மூச்சுத் திணறியது. அறுப்புக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறை பில்டரைக் கழற்றித் தட்டுகிறார். நான் மாதத்துக்கு ஒருமுறை. வலை என்னுடையதிலும் உண்டு, அதில் தூசிதான் படிகிறது.

மழைக்காலம் இன்னும் மோசம். முதல் மழைக்கு மறுநாள் மாலை ஈசல் கிளம்பும். விளக்கைத் தேடிப் புகையான் பூச்சி வரும். ஹெட்லைட் வெளிச்சத்துக்கு வருவது நேராக முன்வாயில் விழுகிறது. பிறகு தண்ணீர். ஓடும் வண்டியில் எதிர்மழை முழுக்க அந்த வாய்க்குள்தான். காகித பில்டர் ஒருமுறை ஊறினால் காற்று போகாது. அதைத் தாண்டிய தண்ணீர் கார்புரேட்டர் கிண்ணத்தில் இறங்கினால் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். போன கார்த்திகையில் திருத்துறைப்பூண்டி போகும் வழியில் அத்தான் வண்டி அப்படித்தான் நின்றது. இப்போது மழை தூறினாலே சட்டைப்பையிலிருந்து ரப்பர் மூடியை எடுத்து ஸ்கூப்பை அடைக்கிறார். அடைத்த ஸ்கூப் அழகுக்கு வைத்த ஸ்கூப்தானே!

பின்வாய் முழுக்க நனையாதது என்று சொல்லமாட்டேன். வைப்பர் வழிக்கிற தண்ணீர் தெறிக்கும். மரத்தடியில் நிறுத்தினால் கண்ணாடியில் வழிவதும் கொஞ்சம் சேரும். அதற்காக ஸ்கூப்புக்கு அடியில் தட்டு மாதிரி ஒரு தொட்டி, இரண்டு மூலையிலும் வடிகுழாய், ஏர் கிளீனருக்குக் காற்று நுழையும் வாயைத் தொட்டியின் தரையைவிட இரண்டு விரல் உயரத்தில் வைத்தோம். கும்பகோணத்து டிங்கர் ஒருவர் அடித்துக் கொடுத்தார். குழாயில் குளவி கூடு கட்டாமல் பார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது.

பின்வாய்க்கென்று ஒரு தலைவலி உண்டு. தொட்டிக்கும் பானட்டுக்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் ஸ்பாஞ்ச் பட்டை (பீடிங்) தளர்ந்தால், சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சூடும் பெட்ரோல் வாடையும் மேலே கிளம்பி, வைப்பருக்குக் கீழே உள்ள கிரில் வழியாக வண்டிக்குள் வந்துவிடும். என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். எஞ்சின் ஆடுகிற வண்டியில் அந்த ஸ்பாஞ்ச் வருஷம் தாங்குவதில்லை; மாற்றுவது பத்து நிமிஷ வேலை.

பானட்டையே தொடாமல் வண்டியின் முன்பக்க கிரில் ஓரத்திலிருந்து குழாய் இழுப்பது மூன்றாவது வழி. காசு மிச்சம். ஆனால் வடிகால் நிரம்பி ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஊரில் காற்றுக்குழாயைத் தாழ வைக்க எனக்கு மனசு வரவில்லை. எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும்.

விற்கும்போது என்ன ஆகும்? அத்தான் வெட்டியது வண்டியோடு வந்த பானட்டை. அது 1978 பதிவு. 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிய, அசல் வடிவம் மாறாமல் இருக்கவேண்டும். பானட் ஓட்டையை அதிகாரி எப்படி எடுத்துக்கொள்வார் என்பது அவர் கையில். மாற்றம் செய்ய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் இருக்கிறது, முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நான் உடைசலில் கிடந்த இன்னொரு பானட்டை வாங்கித்தான் வெட்டினேன், அதுவும் அடிப்பக்க விலா எலும்புகளைத் தொடாமல். பைபர் ஸ்கூப் நான் பயன்படுத்தியதில்லை. போட்டவர்கள் ஒட்டின இடத்தில் பெயிண்ட் வெடிக்கிறது என்கிறார்கள்.

அசல் பானட் சாக்கு சுற்றி, வீட்டுப் பத்தாயத்துக்குப் பின்னால் நிற்கிறது. போன வாரம் அத்தான் வந்தபோது அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்பாசடருக்கு இப்படி ஒண்ணு எங்கயாவது கெடைக்குமா மாப்ள?" என்றார். தேடிக்கொண்டிருக்கிறோம்.