"மெஷின் வாங்குங்க, நீங்க செய்ற அட்டையை நாங்களே வாங்கிக்கிறோம்" என்று வருபவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் இருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். டை கட்டிங் மெஷின், தாளைப் பூ, இலை வடிவில் வெட்டும் டை என்ற இரும்பு அச்சு, கனத்த தாள் எல்லாம் சேர்த்து ஒரு கிட் விற்று, "வீட்ல உட்கார்ந்து வாழ்த்து அட்டை செய்ங்க, அத்தனையும் எங்களுக்கே குடுங்க" என்று யாராவது வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், பணமும் அனுப்பாதீர்கள். தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் பணம் கட்டிவிட்டார்கள். கிட் ஒன்று ரூ.18,500. பெரும்பாலும் மகளிர் குழுவில் கடன் எடுத்த பணம். மெஷின் மூலையில் கிடக்கிறது, தவணை இன்னும் ஓடுகிறது.

அவர்கள் வந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், வீட்டில் வரும்படி நிற்கும், பள்ளிக்கூடம் திறக்கிற செலவு மட்டும் நிற்காது. வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது அந்த வாரங்களில்தான். எங்கள் நிலைமை தெரிந்தே வந்திருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டுச் செய்து காட்டினார்கள். இந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அடியில் ஒரு பலகை, அதன்மேல் பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் தாள், தாளைப் பார்த்தபடி டையின் கூரான பக்கம், மேலே இன்னொரு தட்டு. இந்த அடுக்கை இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், அழுத்தத்தில் டையின் விளிம்பு தாளை வெட்டிவிடும். மின்சாரம் வேண்டாம், பெரிய பலமும் வேண்டாம். பட்டாம்பூச்சியும் ரோஜாவும் சங்கும் அவ்வளவு சுத்தமாக வந்து விழுந்தன. கத்தரிக்கோலால் ஒவ்வொரு இதழாக வெட்டி அட்டை செய்து பழகிய எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிந்திருக்கும் என்று கையால் வெட்டுகிறவர்களுக்குப் புரியும்.

வீட்டுக்கு வந்தது வேறு மெஷின். கூட்டத்தில் காட்டியதற்கு இரும்பு உடம்பு, வந்ததற்கு உள்ளே பல்சக்கரம்கூட பிளாஸ்டிக். தட்டுகள் மெலிவு. அடுக்கின் கனமும் உருளைகளின் இடைவெளியும் பொருந்தினால்தான் வெட்டும், கொஞ்சம் குறைந்தாலும் தாளில் கோடு மட்டும் விழும். எங்களுக்கு வலது பக்கம் வெட்டியது, இடது பக்கம் வெட்டவில்லை. போன் போட்டால், "அக்கா, தட்டுக்கு நடுவுல ஒரு பேப்பர் வச்சு சுத்துங்க, சரியாயிரும்" என்றார்கள். பேப்பர் வைத்துக் கனம் கூட்டுவது இந்த வேலையில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் உருளையே கோணலாக மாட்டியிருந்தால் எத்தனை பேப்பர் வைத்து என்ன செய்வது? வைக்க வைக்கக் கைப்பிடி இறுகியது. பக்கத்து வீட்டு மதினி சுற்றும்போது சக்கரத்தின் பல் உடைந்தே போனது. அதற்கு மாற்றுச் சக்கரம் இன்று வரை வரவில்லை.

டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் கரையின் உப்புக்காற்றுக்கு எந்த இரும்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும். நல்ல டையைக்கூட வேலை முடிந்ததும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான டப்பாவில்தான் வைக்க வேண்டும். ஆனால் உறையைப் பிரிக்கும்போதே ஓரம் பழுப்பேறி வந்த டைக்கு நம் காற்றைக் குறை சொல்ல முடியாது. அந்தத் துருதான் வெள்ளை அட்டையில் கறையாக இறங்கியது. பின்னால் அந்தக் கறையைக் காட்டியே எங்கள் அட்டைகளைத் தள்ளினார்கள்.

தாளிலும் ஏமாற்று. 300 ஜிஎஸ்எம் என்று உறையில் அச்சடித்திருந்தது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அதனால் பதினாறு தாளை மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் போதும், காட்டுகிற கிராம்தான் ஜிஎஸ்எம். எங்கள் கட்டு 200 கிராமைக்கூடத் தொடவில்லை. கடற்காற்றில் தாள் ஈரம் குடித்திருந்தால் எடை கூடத்தான் செய்யும், குறையாது. எனவே "ஊர் ஈரப்பதம்" என்று அவர்கள் சொன்ன சாக்கும் பொய். அடி அட்டை இப்படி மெலிந்திருந்தால், ஃபோம் டேப் வைத்துத் தூக்கி ஒட்டிய பூவின் பாரத்தில் முன்பக்கம் வளைந்துவிடும். மேஜையில் நிறுத்தினால் நிற்காது. இதையும் எங்கள் "தரக்குறைவு" என்றே எழுதி அனுப்பினார்கள். தாளும் அவர்கள் கொடுத்தது, டையும் அவர்கள் கொடுத்தது.

இந்தத் திட்டத்தில் ஆட்களை விழவைப்பது முதல் கொள்முதல்தான். முதல் முறை அனுப்பிய சின்னக் கட்டுக்குச் சொன்னபடி பணம் போட்டார்கள். பணம் வந்த செய்தி தெருவெல்லாம் பரவியது. "உங்க சொந்தக்காரங்களையும் சேர்த்துவிடுங்கக்கா, தலைக்கு கமிஷன் உண்டு" என்றார்கள். அதை நம்பித்தான் பாம்பனிலும் உச்சிப்புளியிலும் சிலர் சேர்ந்தார்கள். அடுத்த கட்டு முழுவதும் திரும்பி வந்தது. ஓரம் பிசிறு, பசைக் கறை, வளைவு என்று ஒரு சீட்டு உள்ளே. அதன்பின், "ப்ரீமியம் டை செட் ரூ.6,000, அது இருந்தா ரிஜெக்ட் ஆகாது" என்று ஒரு போன். கட்டாதவர்களின் அட்டையை எடுக்கவில்லை. கட்டிய இரண்டு பேரின் அட்டையையும் எடுக்கவில்லை. பிறகு அந்த எண் அணைந்தே கிடக்கிறது.

ஒப்பந்தத்தில் "தரச் சோதனையில் தேறியவை மட்டும் கொள்முதல் செய்யப்படும்" என்று ஒரு வரி இருந்தது. தரம் என்றால் என்ன, யார் சோதிப்பது, தேறாவிட்டால் காரணத்தை எப்படி நிரூபிப்பது என்று ஒன்றும் கிடையாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த அட்டையையும் என்றைக்கும் வேண்டாமென்று சொல்லலாம். முத்திரைத்தாளில் இருக்கிறது என்பதால் ஒரு வாக்குறுதி உறுதியாகிவிடாது.

அடிப்படையிலேயே இதில் ஒரு பொருந்தாமை இருக்கிறது. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் அட்டை வேண்டுமென்றால் யாரும் கைமெஷினைத் தேடி வரமாட்டார்கள். சிவகாசியில் பிளைவுட் பலகையில் எஃகு பிளேடை வளைத்துப் பதித்து டை செய்கிறார்கள், அதைப் பஞ்சிங் மெஷினில் மாட்டினால் நாம் ஒரு பூ வெட்டும் நேரத்தில் ஒரு கட்டே முடிந்துவிடும். கல்யாணப் பத்திரிகை வெட்டுவதெல்லாம் அப்படித்தான். கையால் செய்த அட்டைக்கு விலை கிடைப்பது, அது இன்னொன்றைப் போல இல்லை என்பதால்தான். அதை வாங்குகிறவர் அருகில் இருப்பவர்: பெருநாளுக்குக் கீழக்கரையில், கிறிஸ்துமஸுக்கு எங்கள் தங்கச்சிமடத்தில், ராமேஸ்வரம் கோயிலுக்கு வந்து சங்கும் சோழியும் வாங்கிப்போகிற யாத்திரிகர். நான் முன்பு கத்தரிக்கோலால் வெட்டிய பாம்பன் பாலமும் ஆவுளியாவும் (கடல்பசு) அப்படித்தான் விற்றன. மொத்தமாக எவ்வளவு செய்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று தொலைவிலிருந்து ஒருவர் சொன்னால், அவருக்கு வேண்டியது அட்டை இல்லை, கிட் விற்ற காசு.

யாராவது இப்போது பேச்சுவார்த்தையில் இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். பணம் போகிற யுபிஐ பெயர் நிறுவனத்தின் பெயரா, தனி ஆளின் பெயரா? எங்களுக்குக் கொடுத்தது ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அடுத்து, பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண். அது 15 எழுத்து, இலக்கம் கொண்டது. தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காசில்லாமல் காட்டும். எங்கள் பில்லில் இருந்த எண்ணில் மொத்தமே 14 எழுத்துதான், அப்படி ஓர் எண்ணே இருக்க முடியாது.

பணம் கட்டிவிட்டவர்கள் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். அது சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு வங்கியில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பொருள் சரியில்லை என்ற புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. "நீங்க தொழிலுக்கு வாங்குனீங்க, நுகர்வோர் கோர்ட்டு எடுக்காது" என்று எங்களை மிரட்டினார்கள். அது உண்மையில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. ஒப்பந்தத்தில் வேறு ஊர் நீதிமன்றத்தின் பெயர் போட்டிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. நமக்கு ராமநாதபுரம் மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் தெருவில் கட்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டிருக்கிறோம்.

வழக்குப் போடும்போது எங்களுக்குக் கைகொடுத்தவை, சிலர் அடுப்பில் போடப் பார்த்த பொருட்கள்தான். திரும்பி வந்த அட்டைக் கட்டைப் பிரிக்காமல் கூரியர் ஸ்டிக்கரோடு வையுங்கள். உடைந்த சக்கரத்தையும் துருப்பிடித்த டையையும் தூக்கி எறியாதீர்கள், துருவைத் தேய்க்கவும் வேண்டாம். மீதமுள்ள தாளில் பதினாறை எடுத்துத் தராசில் வைத்து, எண் தெரியும்படி போட்டோ எடுங்கள், 300 என்று அச்சடித்த உறையும் அதே படத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காமல், வேறு போனிலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.