நாசிக் வைன் சுற்றுலா என்று காசு கட்ட முன் இதை வாசியுங்கோ

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்து ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். ஏ9 வீதியோரம் பலகை போட்டிருக்கும் ஒரு பயண முகவர், இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்து நாசிக்குக்கு ‘திராட்சை அறுவடையும் வைன் சுவையும்’ என்று ஆள் சேர்க்கிறார். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரரோடு எங்கேயாவது போகலாம் என்று யோசிக்கிற குடும்பங்கள்தான் அவருக்கு வாடிக்கை.

பிரான்ஸிலிருந்து மச்சான் குடும்பம் ஓகஸ்டில் வந்தது. மச்சானுக்கு வைனில் சரியான விருப்பம். இந்தியாவிலும் வைன் செய்கிறார்கள் என்று கேட்டதும் பார்க்கத்தான் வேண்டும் என்று நின்றார். பலாலியால் சென்னை, அங்கிருந்து மும்பை, பிறகு வான் வண்டியில் நாசிக் என்று முகவர் எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் பேசினார். நல்லூரில் கொடி ஏறியிருக்கிற நேரம் வைன் குடிக்கப் போகுதுகள் என்று மாமி முணுமுணுத்தது வேறு கதை.

முகவர் தந்த தாளில் ஒரு வழுவழுப்பான படம். வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக, கூடை நிறையக் குலையோடு ஆட்கள். கீழே மூன்று வாக்குறுதி: தோட்டத்துக்குள்ளேயே தங்குமிடம், எங்கள் கையாலேயே அறுவடை, நிபுணர் ஒருவர் எங்களுக்கென்றே நடத்தும் வைன் சுவை, அதாவது பலவகை வைனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பார்ப்பது. அந்தச் சுவைக்கு மட்டும் தலைக்கு 25,000 ரூபா. சுவை நாள் ஓகஸ்ட் 15 என்று போட்டிருந்தது. அன்றைக்கு அங்கே ஏதோ விசேஷமல்லவா என்று கேட்டதற்கு, “ஓம் அண்ணை, சுதந்திர தினம். பெரிய கொண்டாட்டம், நீங்கள் போற நேரம் நல்லாக் களைகட்டும்” என்றார்.

நன்றாகத்தான் களைகட்டியது. ஓகஸ்ட் 15 இந்தியாவில் மது விற்பனை தடைசெய்யப்பட்ட நாள். ஜனவரி 26, ஒக்டோபர் 2 ஆகிய நாட்களிலும் அப்படித்தான். போயாவுக்குத் தவறணை பூட்டியிருப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் வைன் சுற்றுலா விற்கிறவருக்கு, தான் ஆட்களை அனுப்பும் நாட்டின் ‘போயா’ தெரியாதா? வைனரி, அதாவது வைன் செய்கிற இடத்து வாசலில் நின்ற பெடியன் ஒன்றும் பேசாமல் கவுண்டரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினான். சாப்பாட்டுக்கடை மட்டும் திறந்திருந்தது. மத்தியானம் பனீர் கறியும் எலுமிச்சம் சாறும்.

தங்குமிடம் தோட்டத்துக்குள் இல்லை, நாசிக் நகரத்துக்குள் ஒரு லொட்ஜ். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், விடிய விடிய ஓட்டோ ஹோர்ன். வரவேற்பில் இருந்தவர் கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார்: எங்கள் அறைகள் பதியப்பட்டது நாங்கள் போய்ச் சேர்ந்ததற்கு முதல் நாள், அதுவும் இருப்பதிலேயே மலிவான விலைக்கு. நாங்கள் முழுக் காசும் கட்டியது ஜூனில். மழைக்காலம் அங்கே ஆள் குறைந்த காலம், அறை விலை இறங்கும் என்பதையும் அவரே சொன்னார்.

அறுவடைக் கதைதான் இதில் பெரிய பகிடி. அடுத்த நாள் கங்காபூர் அணைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வான் சாரதி கூட்டிப்போனார். மழை தூறிக்கொண்டிருந்தது, செருப்பை விடமாட்டேன் என்று சேறு பிடித்தது. கம்பியெல்லாம் கொடி படர்ந்து பச்சைப் பசேலென்று கிடந்தது. குலை? ஒன்றுகூட இல்லை. அங்கே வேலை செய்கிற ஒருவர் ஹிந்தியில் சொல்ல, சாரதி எங்களுக்கு விளங்கப்படுத்தினார். ஏப்ரலில் ஒருமுறை கொடியைக் கிளை கழித்து வெட்டுவார்களாம், மழை முடிகிற செப்டம்பர், ஒக்டோபரில் திரும்ப வெட்டுவார்களாம். அந்த இரண்டாவது வெட்டுக்குப் பிறகுதான் காய் பிடிக்கும். மழைக்குள் பழம் வந்தால் அழுகலும் பூஞ்சணமும் விழும் என்பதால் பனிக்காலத்து வறட்சியில் பழுக்க வைக்கிறார்கள். அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. ஓகஸ்ட், செப்டம்பரில் அறுவடை என்பது பிரான்ஸ் கணக்கு. மாரி மழைக்குள் பனங்கள்ளுக்கு ஆள் கூப்பிட்டதுபோலத்தான் எங்களை அங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

மச்சான் அப்போதுதான் அந்தத் தாளை மடியிலிருந்து எடுத்துத் திரும்பப் பார்த்தார். படத்தின் மூலையில் கறுப்புக் கல் ஓடு வேய்ந்த கூரை ஒன்று. “உது எங்கட ஊர்க் கூரையடாப்பா” என்றார். அவர் ஊர் என்றது பிரான்ஸை.

அன்றைக்குப் பின்னேரம் எங்கள் சொந்தக் காசிலேயே சுவை பார்த்தோம். ‘எங்களுக்கென்றே நிபுணர்’ என்றதெல்லாம் இல்லை, கவுண்டரில் சில நூறு இந்திய ரூபாய் கட்டினால் யாருக்கும் கிடைக்கிற சாதாரண சுவைதான். முகவர் பெயரில் அங்கே எந்தப் பதிவும் இருக்கவில்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த இடத்து ஆட்கள் நல்ல மாதிரி. கிளாஸின் தண்டைப் பிடி, சுழற்று, மண, பிறகு வாயில் வை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். செனின் பிளாங்க் என்ற வெள்ளை வைனில் கொய்யாப்பழ வாசம் வந்தது, ஷிராஸ் என்ற சிவப்பு வைனில் மிளகு. கள்ளுக்குப் பழகிய என் நாக்குக்கு வெள்ளைதான் சரி. மச்சானின் மகனுக்கு வயது 19. பிரான்ஸில் 18 போதும், மகாராஷ்டிராவில் வைனுக்கு 21 வேண்டும். பாஸ்போட்டைப் பார்த்துவிட்டு ஜூஸ் கொடுத்தார்கள். அவனுக்கும் சேர்த்துத்தான் முகவர் 25,000 வாங்கியிருந்தார், பாஸ்போட் பிரதி கையில் இருந்தும்.

திரும்பி வந்து கேட்டால், “அங்கத்தைய ஆக்கள் விட்ட பிழை அண்ணை, அடுத்தமுறை கழிச்சுத் தாறன்” என்கிறார். அடுத்தமுறையாம்! பற்றுச்சீட்டில் ‘பயண ஒழுங்கு’ என்ற இரண்டு சொல்லும் மொத்தத் தொகையும்தான் இருக்கிறது. எங்களைக் காப்பாற்றியது அவருடைய வட்ஸ்அப் குரல் பதிவுகள். தங்குமிடம், அறுவடை, 15ஆம் திகதி எல்லாம் அவர் குரலிலேயே இருக்கிறது. யாரும் இப்படிக் காசு கட்டுவதென்றால் ஹோட்டலின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் வாங்கி, ஹோட்டலுக்கே ஒரு கோல் எடுத்துக் கேளுங்கோ. வைனரிக்கும் அப்படியே. எந்த மாதம் அறுவடை என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். ஆனால் போனில் சொன்னதோடு விடாதேயுங்கோ. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போகவேண்டும். நாங்கள் கொடுத்துவிட்டோம். சாட்சிக்கு மச்சானும் பிரான்ஸிலிருந்து கடிதம் அனுப்பியிருக்கிறார்.

இப்போது அதே முகவர் டிசம்பர் லீவுக்கு ‘அறுவடைச் சுற்றுலா’ என்று திரும்பவும் தாள் அடித்திருக்கிறார். டிசம்பரில் அங்கே பெரும்பாலான தோட்டங்களில் காய் பழுத்திருக்காது. ஏற்கெனவே முற்பணம் கட்டியவர்கள் பற்றுச்சீட்டையும் போனில் உள்ள பதிவுகளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் போடுங்கோ. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து போனால் எங்கள் முறைப்பாட்டோடு உங்களுடையதையும் ஒன்றாகவே கொடுக்கலாம்.